வளவு மரம் வெட்டப் போகிறீர்களா? மட்டக்களப்பில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்புப் பக்கம் வீடு வாங்கியோ, வாடகைக்கு எடுத்தோ, கல்யாணம் முடித்து மனைவியின் ஊருக்கு வந்தோ குடியேறியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே வீட்டோடு வளவும் வரும், வளவோடு மரங்களும் வரும். பலா, ஈரப்பலா, மா, தென்னை, பனை, முருங்கை, வேம்பு என்று ஏதாவது நாலைந்தாவது நிற்காத வளவு குறைவு. கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடியில் அந்த நிழலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தால் எழும்ப மனம் வராது. அதே மரம் கார்த்திகை இரவில் கூரைக்கு மேலே நின்று ஆடும்போது வீட்டில் ஒருவருக்கும் நித்திரை வராது.

எங்கள் சமையலறைக்கு மேலே சாய்ந்த பலாவுக்காக அலைந்தபோது முழு விபரத்தையும் ஒரே இடத்தில் சொல்ல யாரும் இருக்கவில்லை. ஒரு மேசையில் ஒன்று சொன்னார்கள், அடுத்த மேசையில் இன்னொன்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இரண்டே விடயத்தை மனதில் வையுங்கள்: கடதாசி வேலை முடியாமல் மரத்தில் வாளை வைக்க வேண்டாம், அந்தக் கடதாசி வேலையை மாரி வருவதற்குள் முடித்துவிடுங்கள். மீதியெல்லாம் இதற்குள் அடங்கும்.

1. வெட்டத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பயத்தில் அடியோடு வெட்டப்படும் மரங்களில் பாதிக்குக் கொப்பு கழித்தாலே போதும் என்பது என் எண்ணம். ஒரு காலை வேளையில் மரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். அடியில் காளான் பூத்திருக்கிறதா? கட்டையால் தட்டினால் உள்ளே கோறையாகச் சத்தம் கேட்கிறதா? மரம் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து, வேர் மேலெழும்பி நிற்கிறதா? சாய்வு முன்பே இருந்ததா, கடந்த மாரிக்குப் பிறகு வந்ததா? வளவில் பழகியவர்களிடம் கேட்டால் இதைச் சரியாகச் சொல்வார்கள். பல வருடமாகச் சாய்ந்தபடியே நின்று பழகிய மரம் வேறு, அண்மையில் சாயத் தொடங்கிய மரம் வேறு. பின்னையதுதான் ஆபத்து.

தென்னையென்றால் தண்டில் ஓட்டை இருக்கிறதா, அதிலிருந்து மண்ணிறமாகச் சாறு வடிகிறதா என்று பாருங்கள். சிவப்பு வண்டு உள்ளே குடைந்தால் வெளியே தெரியும் அடையாளம் அது. முற்றிய நிலையில் காப்பாற்றுவது கஷ்டம், காற்றுக்கு இடையில் முறிந்து விழும். முருங்கையும் ஈரப்பலாவும் மென்மையான மரம், கொப்பு சட்டென்று முறியும், ஆனால் இரண்டுமே வெட்டினால் துளிர்க்கும் மரங்கள், ஆகவே அவற்றைக் கொப்பு கழித்துக் கவ்வாத்துப் பண்ணினால் போதும்.

எழுவான்கரைப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மண் மணல். மாரியில் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்து மணல் ஊறிப்போன நேரத்தில் காற்றும் சேர்ந்தால், பார்க்க நல்ல மரமும் வேரோடு சாயும். தென்னையும் பனையும் நார்வேரால் பிடித்து நிற்கும். உயரமாக வளர்ந்து தலை கனத்த பலா, மா போன்றவற்றின் தலைப்பாரத்தைக் குறைத்துவிடுவது நல்லது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் இறுகிய மண்ணில் இந்தப் பயம் கொஞ்சம் குறைவு.

2. எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும்

சொந்த வளவு, சொந்த மரம், கேட்க யார் என்று நினைக்க வேண்டாம். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. மூன்றுமே சாப்பாடு தரும் மரங்கள். உங்கள் காணிக்குள் நின்றாலும் இதே சட்டம்தான்.

பனையில் ஒரு சிக்கல். பூத்துக் காய்க்கும் வரை ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருடமாவது ஆகும். ஆகவே வடலியென்றாலும் (இளம் பனை), ஆண் பனையென்று நீங்கள் நிச்சயமாக நம்பினாலும், ஜீ.எஸ்ஸிடம், அதாவது உங்கள் பிரிவின் கிராம சேவகரிடம், காட்டிவிட்டே வெட்டுங்கள். தென்னை, மா, வேம்பு, தேக்கு, முதிரை போன்றவற்றுக்கும் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெட்டுவதற்குத் தடை இல்லாவிட்டாலும் கொண்டுபோவதற்குக் கடதாசி வேண்டிய மரங்கள் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

கொப்பு கழிப்பதற்கும் மரத்தை வீழ்த்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் பலாவில் பெரிய கவர்க்கொப்பை இறக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லி வைப்பது நல்லது. பாதி மரம் தரையில் கிடப்பதைப் பார்த்து யாராவது முறைப்பாடு செய்தால், கழித்தேன் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

3. எப்போது தொடங்குவது

மட்டக்களப்பில் வருடத்து மழையில் பாதிக்கு மேல் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் கொட்டுகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்த பெரியவர்கள் புரட்டாதி வந்ததும் வளவைச் சுற்றிப் பார்க்கத் தொடங்குவது சும்மா இல்லை. ஆனால் புரட்டாதியில் தொடங்கினால் உங்களுக்குப் பிந்திவிடும். அந்த நேரம் எல்லோருக்கும் ஒரே யோசனை வரும், மரம் ஏறுகிற ஆட்களைப் பிடிக்க முடியாது, கூலியும் ஏறும், அனுமதிக் கோரிக்கைகளும் அலுவலகத்தில் குவியும்.

என் ஆலோசனை இதுதான்: வைகாசி, ஆனியில் மரத்தைப் பார்த்து முடிவெடுங்கள், ஆனியிலேயே கடிதத்தைக் கொடுங்கள், ஆவணிக்குள் வெட்டி முடியுங்கள். பலா காய்த்து முடிகிற காலமும் ஏறத்தாழ இதோடு ஒத்துவரும், காயோடு வெட்ட மனம் வராதவர்களுக்கு அதுவும் வசதி. கொப்பு கழிப்பது மட்டும் என்றால் மழைக்கு ஒரு மாதம் முன் செய்தாலும் போதும், மழையோடு புதுத் துளிர் நன்றாக வரும்.

4. கடதாசிகள்: பலர் திரும்பி வருவது இங்கேதான்

ஜீ.எஸ்ஸிடம் போனதும் வரும் முதல் கேள்வி: “காணி உறுதி ஆருட பேரில தம்பி?” இந்தப் பக்கம் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருக்கும், சீதனமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். கணவன் தன் அடையாள அட்டையோடு தனியே போய் நின்றால் வேலை நடக்காது. உறுதி மனைவி பெயரில் என்றால் விண்ணப்பமும் அவர் பெயரில், கையெழுத்தும் அவருடையது. இன்னும் மாமியின் பெயரிலேயே இருக்கிறது என்றால் மாமியின் கையெழுத்து. உறுதி எழுதாமல் வாய்ப்பேச்சில் தந்த காணியென்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டிவரும், மரம் பிறகு.

ஒரு உறையில் போட்டு வையுங்கள்:

காணி உறுதியின் பிரதி, பார்க்க மூல உறுதி. நில அளவை வரைபடம் இருந்தால் அதன் பிரதி, முக்கியமாக மரம் எல்லையோரம் நின்றால். உரிமையாளரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி. மரத்தின் புகைப்படங்கள்: முழு மரம் ஒன்று, பழுதான இடம் ஒன்று, கூரையும் மரமும் ஒன்றாகத் தெரிகிறமாதிரி ஒன்று. நெஞ்சு உயரத்தில் எடுத்த சுற்றளவு, ஏறத்தாழ உயரம். காரணத்தை எழுதிய கடிதம்.

காணியின் வகையைப் பொறுத்து இன்னும் சில சேரும்:

வாடகை வீடென்றால் உரிமையாளர் எழுதிக் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். தொலைபேசியில் “வெட்டுங்க, பரவாயில்ல” என்று சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் இங்கே யாருக்காவது அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இதை வரவழைக்க நாள் எடுக்கும், ஆனியில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சகோதரங்கள் சேர்ந்து உரிமையுள்ள காணியென்றால் எல்லோருடைய சம்மதமும். ஒருவர் விடுபட்டாலும் பலா மரத்தின் விலை தெரிந்த பிறகு சண்டை வரும்.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியென்றால் கதையே வேறு. அந்தக் காணியில் நிற்கும் மரம் விடயத்தில் உறுதிக்காணிக்காரருக்கு உள்ள உரிமை உங்களுக்கு இல்லை. எந்த மரமாக இருந்தாலும் அனுமதிப்பத்திரத்தோடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். கோயில் காணியில் குடியிருப்பவர்கள் பரிபாலன சபையிடம் கடிதம் வாங்குங்கள்.

கடிதத்தில் “மரம் இடைஞ்சலாக உள்ளது” என்று மட்டும் எழுதினால் பிரயோசனம் இல்லை. சமையலறைக் கூரைக்கு மேலே சாய்ந்துள்ளது, அடியில் கோறை விழுந்துள்ளது, பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மேல் கொப்பு நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்படி எழுதுங்கள். வீடு கட்ட வெட்டுகிறீர்கள் என்றால் கட்டிட வரைபடத்தின் பிரதியையும் சேருங்கள்.

5. ஜீ.எஸ்ஸிலிருந்து பிரதேச செயலகம் வரை

முதலில் உங்கள் பிரிவின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது குழப்பம், ஊரின் பெயரும் செயலகத்தின் பெயரும் ஒன்றாக இராது. நகரமும் கல்லடியும் மண்முனை வடக்கு. ஆரையம்பதி மண்முனைப்பற்று. களுவாஞ்சிகுடி மண்முனை தென் எருவில் பற்று. செங்கலடி ஏறாவூர்ப்பற்று, வாழைச்சேனை கோறளைப்பற்று, வவுணதீவு மண்முனை மேற்கு, வெல்லாவெளி போரதீவுப்பற்று. கடிதத்தின் முகவரியில் இதைப் பிழையாக எழுதினால் அது ஊர் சுற்றிவரும். மின்சாரப் பட்டியலை நம்ப வேண்டாம், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

ஜீ.எஸ் அலுவலகத்தில் இருக்கும் நாட்களும் வெளிக்கள வேலை நாட்களும் கதவில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துப் போங்கள். அவர் மரத்தை வந்து பார்ப்பார், சிபாரிசு எழுதுவார். அதோடு பிரதேச செயலகம் போய் விண்ணப்பத்தைக் கொடுங்கள். கொடுத்த திகதி போட்ட சீல் ஒன்றை உங்கள் பிரதியில் கட்டாயம் வாங்குங்கள். எங்கள் விண்ணப்பம் ஒரு மேசையில் காணாமல் போய், அந்தச் சீல் இருந்ததால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் தப்பியது. கட்டணம் ஏதும் கேட்டால் சிறாப்பரிடம் (காசாளர்) கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத கட்டணம் எதுவும் கட்டணம் இல்லை.

பிறகு உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்க்கலாம். அந்த நாளில் உரிமையாளர் வீட்டில் இருக்க வேண்டும், நாய் இருந்தால் கட்டி வையுங்கள், எந்த மரம் என்று ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அனுமதி கிடைத்ததும் அதில் எழுதியிருப்பதை நின்ற இடத்திலேயே வாசியுங்கள்: எத்தனை மரம், எந்த மரம், எந்தத் திகதி வரை செல்லும். திகதி தாண்டினால் அந்தக் கடதாசி வெறும் கடதாசி.

மழை தொடங்கிவிட்டது, மரம் இன்றைக்கோ நாளைக்கோ விழும் என்ற நிலை வந்தால் வரிசையில் நிற்காமல் ஜீ.எஸ்ஸுக்கு அழைத்துச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் இதற்காகத்தான். ஆட்களை வீட்டின் அந்தப் பக்கத்திலிருந்து வெளியே எடுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

6. மின்கம்பி பக்கத்தில் இருந்தால்

இங்கே பேச்சே இல்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியோ, ரோட்டுக் கம்பியோ கொப்பில் முட்டினால் அல்லது முட்டும் தூரத்தில் இருந்தால், மின்சார சபையின் 1987 க்கோ பகுதி அலுவலகத்துக்கோ சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். “சும்மா தடியால தள்ளிவிட்டு வெட்டலாம்” என்று சொல்கிற ஆளை அனுப்பிவிடுங்கள். பச்சைக் கொப்பிலும் ஈரக் கயிற்றிலும் மின்சாரம் பாயும்.

7. அடுத்த வளவு மரம் உங்கள் கூரைக்கு மேலே

இது கடதாசியில் தொடங்கும் வேலை இல்லை. போய்ப் பேசுங்கள், அதுவும் மழைக்கு முன், ஒரு பின்னேரத்தில், “அக்கா, அந்தக் கொப்பு எங்கட ஓட்டுக்கு மேல வந்திட்டு, நாங்க கூலி குடுக்கிறம், கழிப்பமா?” என்று. கூலியை நீங்கள் ஏற்றால் பெரும்பாலும் முடிந்துவிடும், தேங்காயும் விறகும் அவர்களுக்கே. பேச்சு சரிவராவிட்டால் ஜீ.எஸ்ஸிடம் எழுத்தில் கொடுங்கள், உங்கள் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ ஒரு பிரதி. அதற்கும் மசியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, வழக்கறிஞர் செலவு இல்லாமல் பேசித் தீர்க்கலாம். நீங்களே ஏறி வெட்ட வேண்டாம், காலத்துக்கும் அந்த வேலி பகையாகிவிடும்.

8. ஆள் பிடித்தலும் கூலியும்

கடைத்தெருவில் நிற்கும் எவரையும் பிடிக்காதீர்கள். அண்மையில் மரம் வெட்டிய ஒரு வளவைப் பார்த்து, அவர்களிடம் கேட்டு, அந்த ஆளை எடுங்கள். மெசின் வாளுக்குப் பதிவு வேண்டும் என்று 2019 இல் கொண்டுவந்தார்கள், பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. இரண்டு மூன்று பேரை மரத்தடிக்குக் கூட்டிவந்து விலை கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் விலைக்கு மதிப்பில்லை.

நாட்கூலியா மொத்தமாகவா என்று முதலில் பேசுங்கள். கூரைக்கு மேலே கொப்புக் கொப்பாகக் கயிற்றில் இறக்கும் வேலையென்றால் மொத்தமாகப் பேசுவது உங்களுக்கு நல்லது. வெட்டவெளியில் நிற்கும் மரமென்றால் நாட்கூலி மலிவாக வரும். விலைக்குள் என்னென்ன அடங்கும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்: குழையை யார் அள்ளுவது, அடிக்கட்டையை யார் கிண்டுவது, கயிறும் எரிபொருளும் யாருடையது, ஓடு உடைந்தால் யார் போடுவது, மத்தியானச் சாப்பாடு உண்டா. அடிக்கட்டை கிண்டுவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள், பிறகு அதற்குத் தனிக்கூலி கேட்பார்கள், அது சின்னத் தொகையாக இராது.

பெரிய பொறி ஒன்று. பலாவைப் பார்த்ததும் சிலர், “காசு வேணாம், மரத்தை நாங்க எடுக்கிறம்” என்பார்கள். இலவசமாகத் தெரியும். ஆனால் முற்றிய பலாவின் மஞ்சள் வைரம் தளபாடத்துக்கு நல்ல விலை போகும். ஒரு தச்சரைக் கூட்டிவந்து அடிமரத்தைக் காட்டி மதிப்புக் கேட்ட பிறகு பேசுங்கள். அனுமதியைத் தாங்களே எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்பவர்களும் உண்டு. அனுமதி இல்லாமல் வெட்டினால் பதில் சொல்ல வேண்டியது காணிக்காரர், அந்த ஆள் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார். முழுக்கூலியையும் முதலில் கொடுக்காதீர்கள்.

9. வெட்டும் நாள்

காலையில் தொடங்குங்கள். பகல் ஏறக் கச்சான் எழும்பும், கடலோரத்தில் கடற்காற்றும் சேரும், மரத்து உச்சியில் அது தரையில் தெரிவதைவிடப் பலமாக இருக்கும். குளவிக்கூடு, தேன்கூடு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். கிணற்றைப் பலகையாலோ சீற்றாலோ மூடுங்கள், தண்ணீர்த் தாங்கிக் குழாயைப் பாருங்கள், மலகூடக் குழியின் மூடிக்கு மேல் கட்டை விழாதபடி சொல்லுங்கள், பிள்ளைகளை அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கொப்பு கழிப்பதானால் ஆளிடம் ஒன்று சொல்லுங்கள். பெரிய கொப்பை ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டினால் பாரத்தில் கிழிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அதற்கு வெளியே மேலிருந்து வெட்டி, கடைசியில் மிஞ்சிய துண்டை அடிமரத்தில் கொப்பு தொடங்கும் தடித்த வளையத்துக்கு வெளியே நேராக அறுக்க வேண்டும். அந்த வளையத்தை விட்டால் காயம் தானாக மூடும். வெட்டுவாயில் சீமெந்து பூசத் தேவையில்லை.

தென்னையில் ஏறுவதற்குப் படி கொத்த விடாதீர்கள். கொத்திய காயத்தின் வாசத்துக்குத்தான் சிவப்பு வண்டு வரும். பச்சை மட்டைகளையும் வெட்ட வேண்டாம், காய்ந்ததை மட்டும் இழுக்கட்டும்.

10. மரத்தை வெளியே கொண்டுபோதல்

வெட்ட அனுமதி எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று லேண்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஏற்றிவிடாதீர்கள். பலா, தேக்கு, முதிரை போன்ற மரங்களை ரோட்டில் கொண்டுபோகக் கொண்டுசெல்லும் அனுமதி வேண்டும். மரஆலைக்குப் போகும் வழியில் பொலிஸ் மறித்தால் அந்தக் கடதாசி கையில் இருக்க வேண்டும், வாகனத்தையும் சேர்த்துத் தடுத்து வைத்தால் நட்டம் பெரிது. வெட்டும் அனுமதி கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள், எந்த ஆலைக்கு என்று முடிவுசெய்து இடத்தைச் சொல்லுங்கள். பலகை அறுத்து வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவதற்கும் கடதாசி வேண்டுமா என்று அப்போதே விசாரியுங்கள்.

11. வெட்டிய இடத்தைச் சும்மா விடாதீர்கள்

தென்னை அடிமரத்தை வளவு மூலையில் உக்க விடுவது பலரும் செய்வது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அதற்குள்தான், அடுத்த வருடம் மீதித் தென்னைகளின் குருத்து வெட்டுப்படும். துண்டாக்கி எரியுங்கள், அல்லது உடனே பாவியுங்கள். அடிக்கட்டையில் குழி விழுந்து தண்ணீர் நின்றால் நுளம்பு பெருகும், டெங்குக் காலத்தில் பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மண் போட்டு மூடுங்கள்.

ஈரப்பலாவை வெட்டியவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், மண்ணுக்குள் இருக்கும் வேரிலிருந்து கன்று முளைக்கும். வேர்த்துண்டோடு எடுத்துப் பையில் வைத்து, வீட்டிலிருந்து தள்ளி நட்டால் அதே மரம் திரும்பக் கிடைக்கும், கறியும் அதே ருசி. எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பிடித்த பகுதி இது.

புதுக்கன்று நட நல்ல நேரம் ஐப்பசி, கார்த்திகை, முதல் மழைகளோடு. தென்னைக்கு நாலு பக்கமும் ஆழமும் மூன்று அடிக்குக் கிடங்கு கிண்டி, மணல் வளவென்றால் அடியில் தேங்காய்ப் பொச்சை அடுக்கி, மேல்மண்ணும் மாட்டெருவும் கலந்து மூடுங்கள், பொச்சு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி. பலா வைப்பதென்றால் வீட்டிலிருந்து அதைவிடத் தள்ளி வையுங்கள், இன்று முழங்கால் உயரக் கன்று என்று பார்க்காதீர்கள். இடம் குறைந்த வளவில் தேசி, மாதுளை, கொய்யா போதும். கன்றும் ஆலோசனையும் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபையிலும் உங்கள் கமநல சேவை நிலையத்திலும் கிடைக்கும், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். மழைக்கு முன்பே போய்ச் சொல்லி வையுங்கள், நல்ல கன்றுகள் முதல் கிழமையிலேயே போய்விடும்.

அனுமதிப் பிரதிகள், பற்றுச்சீட்டு, முன்பின் புகைப்படங்கள் எல்லாவற்றையும் உறுதி வைத்திருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள். அடுத்த மரத்துக்குப் போகும்போது ஜீ.எஸ் மாறியிருப்பார், பழைய கடதாசியைக் காட்டினால் புதியவருக்கும் விளக்குவது சுலபம்.